தூளியில் கிடந்த இடி

எங்கள் வீட்டில் கடிதத்தைப் படிப்பது கிடையாது, கேட்பதுதான். குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போன அண்ணன், எழுதச் சோம்பல்பட்டு, கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவான். ஆந்திர எல்லை ஊரான எங்கள் நகரியில் அப்போது பல வீடுகளில் இதே கதைதான். ஆனால் வந்த கேசட்டை வந்தவுடன் கேட்டுவிட முடியாது. வீட்டின் முன்பாதியில் நான்கு பவர்லூம் ஓடிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே காதில் விழாது. நாங்கள் எல்லாம் உதட்டைப் பார்த்துப் பேசிப் பழகியவர்கள். கேசட்டுக்கு உதடு இல்லையே. ஆகவே கரண்ட் போகட்டும் என்று காத்திருப்போம். கரண்ட் போனதும் தறி நிற்கும். பேட்டரி போட்ட டேப் ரெக்கார்டரைச் சுற்றி நைனா, அம்மா, அண்ணி, நான் நால்வரும் உட்கார்ந்துவிடுவோம்.

கரண்ட் இருக்கும்போது நைனா தறியை நிறுத்தமாட்டார். நூல் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை; ஓடாத தறி சோறு போடாது என்பார். அண்ணன் குவைத்துக்குக் கிளம்பிய அன்று காலில் விழுந்தபோதும் தறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. நைனா அவன் தலையில் கை வைத்து ஏதோ சொன்னார். தலை குனிந்திருந்த அண்ணனால் உதட்டைப் பார்க்க முடியவில்லை. அப்பா என்ன சொல்லி அனுப்பினார் என்று தெரியாமலேயே விமானம் ஏறினான்.

அவன் விட்டுப்போன சாமான்களில் ஒன்று எலெக்ட்ரிக் கிட்டார். வாங்கிய ஜோரில் நாலு நாள் தடவிவிட்டு ஆணியில் மாட்டியவன் அவன்; இறக்கி வாசித்தவள் நான். திருப்பதியில் காலேஜ் படித்த நாட்களில் அங்கே ஓர் ஆர்கெஸ்ட்ரா பார்ட்டியில் சேர்ந்துவிட்டேன். ஓனரின் மனைவியே அதில் பாடகி என்பதால்தான் வீட்டில் விட்டார்கள். கல்யாண ரிசெப்ஷன், கோயில் திருவிழா என்று சித்தூர் வரைக்கும் போவோம். மேடையில் கிட்டாரோடு ஒரு பெண் நிற்பதைப் பார்க்கவே முன்வரிசையில் கூட்டம் கூடும். அது எனக்குப் பிடிக்காது. கேட்கவல்லவா வரவேண்டும்?

அப்புறம் கீபோர்டு வந்தது. வெளிநாட்டுச் சாமான் என்றாலே பர்மா பஜாருக்கு ஓடிய காலம் முடிந்து, திருப்பதிக் கடைகளிலேயே கண்ணாடிக்குப் பின்னால் எல்லாம் உட்கார்ந்திருந்த நேரம். ஓனர் வாங்கிய கீபோர்டில் வயலினுக்கு ஒரு பட்டன், புல்லாங்குழலுக்கு ஒரு பட்டன், தபேலாவுக்குக்கூட ஒரு பட்டன். அதை வாசிக்க வந்தவன் முதல் நாளே கிட்டார் பட்டனை அழுத்தி, நான் வாசிக்கும் பாட்டு முழுவதையும் வாசித்துக் காட்டிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குக் கோபம் எப்போதும் மூக்குக்கு மேலேதான் இருக்கும். அன்று உச்சிக்கு ஏறிவிட்டது. ஆனால் சும்மா சொல்லக்கூடாது, சத்தம் அப்படியே என்னுடையதுதான். மைக் செட்டில் சொருகினால் என் கிட்டாரும் அப்படித்தான் கேட்கும், வறண்டு, தகரம் மாதிரி. வயலின்காரரும் புல்லாங்குழல்காரரும் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள். அடுத்து நான் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அண்ணனின் கேசட் ஒன்று வந்தது. அவன் புதுக் கேசட் வாங்குகிறவன் அல்ல. பழைய பாட்டுக் கேசட்டை மலிவாகப் பிடித்து அதன்மேல் பேசி அனுப்புவான். கரண்ட் போனது, உட்கார்ந்தோம். உடம்பு நல்லாயிருக்கிறது, வெயில் தாங்கவில்லை, கொயந்த போட்டோ அனுப்புங்கள் என்று பேசி முடித்தான். அவன் இன்னும் கைக்குழந்தையின் முகம் பார்க்கவில்லை. அவன் போன பிறகு பிறந்தது. அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். நிறுத்துவதற்குள், அவன் குரல் அழிக்காமல் விட்ட மிச்ச நாடாவிலிருந்து ஒரு கிட்டார் குதித்து வந்தது.

பாட்டு இல்லை, பாடுகிறவர் இல்லை. வெறும் கிட்டார், பின்னால் டிரம்ஸ். அந்தக் கிட்டார் நனைந்திருந்தது. எனக்கு வேறு மாதிரி சொல்லத் தெரியவில்லை. ஒவ்வொரு ஸ்வரமும் கிணற்றில் விழுந்த கல் மாதிரி தளும்பிவிட்டு அடங்கியது. மேலிருந்து கீழே ஒரே கம்பியில் சரசரவென்று சறுக்கி இறங்கினால் வீடே தண்ணீரில் மிதப்பதுபோல் இருந்தது. மைக் செட்டில் எக்கோ வைத்தால் சொன்னதையே திரும்பச் சொல்லும், அவ்வளவுதான். இது திரும்பச் சொல்லவில்லை, ஈரமாக்கியது. இந்தச் சத்தம் அந்தக் கீபோர்டில் இல்லை. எனக்கு உடனே தெரிந்துவிட்டது, இது கிடைத்தால் நான் பிழைத்தேன்.

பஜாரில் இருந்த ஐஎஸ்டி பூத்துக்குப் போய் அண்ணனைக் கூப்பிட்டேன். கேசட்டில் என்ன இருந்தது என்று அவனுக்கே தெரியாது, திட்டினேன். ரிசீவருக்குப் பக்கத்தில் டேப் ரெக்கார்டரை வைத்து அதைக் கேட்கவைத்தேன். வெளியே காத்திருந்தவர்கள் கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். தட்டட்டும் என்று விட்டேன். அதையே அவன் தன் டேப்பில் பிடித்து, அங்கே பழைய வாத்தியங்கள் விற்கும் கடையில் இருந்த பிலிப்பைன்ஸ்காரரிடம் போட்டுக் காட்டியிருக்கிறான். அவர் சிரித்துவிட்டு, இது சர்ஃப் மியூசிக், கடலில் பலகை மேல் நின்று அலையில் சறுக்குகிறவர்களுக்காக வாசித்தது என்றாராம். எனக்குத் தெரிந்த கடல் மெரினா. அங்கே யாரும் பலகை மேல் நிற்கவில்லை. சுண்டல் துன்னுக்கினு உட்கார்ந்திருந்தார்கள். ஆனாலும் அந்த இசை எனக்கு அன்னியமாகப் படவில்லை. அதன் டிரம்ஸ் எங்கள் தறி ஓடும் வேகத்தில் ஓடியது.

அண்ணன் லீவில் வரும் சமயம். கிட்டாருக்கென்றே செய்த ஆம்ப்ளிஃபையர் ஒன்று கொண்டுவருகிறேன், ஆனால் ஒன்றுதான் முடியும், விமானத்தில் எடை விடமாட்டார்கள் என்றான். அந்தக் கடையில் இரண்டு இருந்தன. எது வேண்டும் என்று நான் சொல்ல வேண்டும். பார்க்காமல், தொடாமல் எப்படிச் சொல்வது? அவன் வழக்கம்போல் கேசட் அனுப்பினான். பிலிப்பைன்ஸ்காரர் ஒரே மெட்டை முதலில் ஒரு பெட்டியிலும் பிறகு மற்றதிலும் வாசித்திருந்தார். நடுநடுவே அண்ணனின் விளக்கம். முதல் பெட்டி புத்தம் புதுசு, லைட் எரிகிறது, எக்கோவிலேயே பல வகை, கையில் தூக்கலாம். இரண்டாவது பெட்டி பழசு, பழைய ரேடியோ மாதிரி வால்வு போட்டது, துணி கிழிந்திருக்கிறது, தூக்கினால் இடுப்புப் பிடிக்கும்.

கரண்ட் போன ஒரு மத்தியானம் நால்வரும் கேட்டோம். முதல் பெட்டி பளிச்சென்று, கழுவித் துடைத்த பாத்திரம் மாதிரி ஒலித்தது. அம்மாவுக்கும் அண்ணிக்கும் அதுதான் பிடித்தது. இரண்டாவதில் ஆரம்பமே ஒரு உறுமல். பிறகு அவர் உள்ளங்கையால் கம்பியை அமுக்கிக்கொண்டு டொப் டொப்பென்று வாசித்தார். ஒவ்வொரு டொப்புக்குப் பின்னாலும் ஒரு சொட்டுத் தண்ணீர். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பின்பக்கம் ஒரு தகரப் பெட்டிக்குள் நீள நீளமாக ஸ்பிரிங் கட்டியிருக்கிறது, சத்தம் அதில் ஓடிவிட்டு வருவதால்தான் இப்படி என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தான்.

நைனா கேசட்டை நிறுத்தினார். அவர் கோபக்காரர் அல்ல, அனுபவக்காரர். எங்கள் தறிகள் நான்கும் யாரோ ஓட்டித் தேய்த்த பிறகு வாங்கியவை. அவற்றோடு மல்லுக்கட்டியே அவருக்குத் தலை நரைத்தது.

"பயைய மிஷின வாங்கிட்டு நான் படற பாடு பத்தாதா? மொதல்ல கேட்ட பொட்டிய எடுத்தாரச் சொல்லு. இத்தினி தூரத்துலேர்ந்து ஒருத்தன் சொமந்துக்கினு வரான், உருப்படியா எத்தையாவது சொமக்கட்டும்" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு அழுகையே வந்துவிட்டது. புதுப் பெட்டியின் எக்கோ கீபோர்டின் எக்கோவுக்குக் கூடப்பிறந்த தங்கை. அதை வாங்கினால் நான் அந்தக் கீபோர்டுக்காரனுக்கு எடுபிடிதான். மறுபடி பூத்துக்குப் போனேன். நைனா என்ன சொன்னார் என்றுதான் அண்ணன் முதலில் கேட்டான். நைனா புதுசைச் சொல்கிறார், நீ பழசை எடு, திட்டு வந்தால் நான் வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அண்ணன், தன் பெட்டியில் டேப் ரெக்கார்டர், ரஜாய்ப் போர்வை, சென்ட் எதற்கும் இனி இடமில்லை, தெருவில் கேட்கிறவர்களுக்கு நீயே பதில் சொல் என்று சிரித்தான்.

சொன்னபடியே தெரு கேட்டது. குவைத்திலிருந்து வந்தவன் கிழிந்த துணிப் பெட்டி ஒன்றைக் காரிலிருந்து இறக்கினால் கேட்காமல் இருப்பார்களா? அண்ணன் முதலில் குழந்தையை வாங்கிக்கொண்டான். பெட்டியை நான் வாங்கிக்கொண்டேன். அம்மா அதற்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டாள். தேங்காயை அதன் தலையிலேயே உடைக்கப் போனவளைப் பாய்ந்து தடுத்தேன்.

சொருகி சுவிட்சைப் போட்டதும் பெட்டிக்குள் இடி விழுந்தது. டமார். டமார். டமார். நான் கம்பியையே தொடவில்லை. எல்லோரும் பின்வாங்கினோம். அது ஒரே சீராக இடித்துக்கொண்டிருந்தது. எனக்குத்தான் முதலில் புரிந்தது. தறியின் ஒவ்வொரு அடிக்கும் எங்கள் வீட்டுத் தரை அதிரும். பிறந்ததிலிருந்து அந்த அதிர்வில் நடப்பவர்கள் என்பதால் எங்களுக்கு அது தெரிவதே இல்லை. பெட்டிக்குள் இருந்த ஸ்பிரிங்குக்குத் தெரிந்துவிட்டது. தறி அடிக்க அடிக்க அது குலுங்கி இடித்தது.

எக்கோ திருகை மூடினால் இடி நின்றது, ஈரமும் போய்விட்டது. மிச்சம் பழைய தகரச் சத்தம். சரி, தறி நிற்கும்போது வாசிக்கலாம் என்றால், எங்கள் வீட்டில் தறி நிற்பது கரண்ட் போனால்தான். கரண்ட் போனால் பெட்டியும் செத்துவிடும். ராத்திரியிலும் ஷிப்டுக்கு ஆள் வந்து தறி ஓட்டுவார்கள். உலகத்திலேயே அந்தப் பெட்டியை வாசிக்க முடியாத ஒரே வீட்டுக்கு அதைக் கடல் தாண்டி வரவழைத்திருக்கிறேன். தறியைக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று நைனாவிடம் கேட்கலாம்தான். எரிகிற அடுப்பை அணைக்கச் சொல்வதுபோல அது. கேட்கவில்லை. அவர் வந்து பார்த்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அதைவிட நாலு திட்டுத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திருப்பதியிலும் நேரம் நெருங்கியது. கோயில் ஜாத்திரைக் கச்சேரி வருகிறது, கூட்டம் சேரும்வரை ஆரம்பத்தில் நீ தனியாக ஒன்று வாசி என்றார் ஓனர். கீபோர்டிலேயே அது வருமானால் அடுத்த கச்சேரிக்கு நீ வந்து சிரமப்பட வேண்டாம் என்றும், மரியாதையாகத்தான், சொல்லிவிட்டார். ஜாத்திரை மேடை எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். காலித் தார் டிரம்களை நிறுத்தி அவற்றின்மேல் பலகை போட்டிருப்பார்கள். ஒருவர் நடந்தாலே ஆடும். டிரம்ஸ்காரர் காலால் மிதித்து அடித்தால் என் பெட்டி தறிவீட்டில் இடித்ததைவிடப் பலமாக இடிக்கும்.

வழி கிடைத்தது அண்ணியின் வாயிலிருந்து. அண்ணன் ஆசையாகக் குழந்தையைப் பாயில் போட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். அது தூங்குவதாயில்லை.

"கீய போட்டா அது எங்க தூங்கும்? தரை தூக்கித் தூக்கிப் போடுது. தூளில போடு, அப்பால பாரு" என்றாள் அண்ணி.

அம்மாவின் பழைய சேலையில் உத்திரத்திலிருந்து தூளி கட்டியிருந்தது. போட்டான். தறிகள் நான்கும் முழு வேகத்தில் அடிக்க, குழந்தை நிமிஷத்தில் தூங்கிப்போனது. நகரியில் அத்தனை தறிவீட்டுப் பிள்ளைகளும் அப்படித்தான் தூங்கி வளர்ந்தோம். நான் அந்தத் தூளியையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு ஸ்குரூ டிரைவரைத் தேடி ஓடினேன்.

பெட்டிக்குள்ளிருந்து ஸ்பிரிங் தகரத்தைக் கழற்றினேன். அதை ஆம்ப்ளிஃபையரோடு இணைத்திருந்த ஒயர், டிவிக்கும் வீடியோ டெக்குக்கும் நடுவே மாட்டுகிற ஒயர் மாதிரியே இருந்தது. கடைத்தெருவில் அதிலேயே நீளமாக ஒன்று வாங்கி மாட்டினேன். இன்னொரு சேலையை உத்திரத்தில் கட்டி, தகரத்தை அதில் படுக்கவைத்தேன். சுவிட்சைப் போட்டேன். தறி அடித்தது. பெட்டி மெல்ல உறுமியது, அவ்வளவுதான். இடி இல்லை. ஒரு கம்பியைச் சுண்டினேன். தூளியில் கிடந்த தகரம் அதை வாங்கி நனைத்துத் திருப்பித் தந்தது. நான் போட்ட கூச்சல் தறிச்சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. என் வாயைப் பார்த்துத்தான் அண்ணி ஓடிவந்தாள்.

ஜாத்திரை அன்று அண்ணனும் அண்ணியும் குழந்தையோடு என்னுடன் வந்தார்கள். நைனா வரவில்லை, கரண்ட் இருந்தது. பொழுது சாயும் நேரம், மேடைப் பந்தலின் மூங்கிலில் அம்மாவின் சேலையைக் கட்டி, தகரத்தை உள்ளே படுக்கவைத்து, பக்கத்தில் நின்றேன். கீபோர்டுக்காரன் கேலியாகத் தாலாட்டு மெட்டு ஒன்றை வாசித்தான். டிரம்ஸ்காரருக்கு மட்டும் முன்பே தட்டிக் காட்டிச் சொல்லிவைத்திருந்தேன், எங்கள் வீட்டுத் தறி ஓடும் இந்த வேகத்தில் அடிங்க என்று. தொடங்கப்போகும் நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியம்மா எழுந்து நின்றுவிட்டார்.

"ஏம்மே, இந்தச் சத்தத்துல கொயந்திய அங்க கட்டித் தொங்கவிட்டுக்கினு கீறியே, உனுக்கு ஈவு இரக்கம் கீதா? மொதல்ல அத்த எறக்கு" என்றார்.

கூட்டம் என் பக்கம் திரும்பியது. இரண்டு பேர் பிள்ளையை இறக்க மேடைக்கே வந்துவிட்டார்கள். கம்பியின் உச்சியில் விரலை வைத்துக் கீழே வரைக்கும் சறுக்கினேன். பந்தல் முழுவதும் தண்ணீர் பாய்ந்தது. மேடைக்கு ஏறியவர்கள் பாதிப் படியில் நின்றார்கள். டிரம்ஸ் தறியாக ஓட, அந்த வெயில் காய்ந்த ஊரில், வியர்த்து நின்ற அத்தனை ஜனத்தின் மேலும் நான் அலை அலையாக விட்டேன். பலகை ஆடியது, டிரம்கள் ஆடின, தூளி மட்டும் சாதுவாகத் தொங்கியது. சிறுசுகள் ஆடத் தொடங்கின, பிறகு பெரியவர்களும். கடைசி அடி வரும்போது எனக்கு என்ன தோன்றியதோ, தூளிக்கு ஒரு அறை விட்டேன். தகரம் குலுங்கியது. இத்தனை நாள் என்னைப் பாடாய்ப் படுத்திய அந்த இடி மொத்தமும் ஆம்ப்ளிஃபையரில் வெடித்து வெளியே வந்தது.

பிறகு கூட்டம் கத்திய கத்தலில் எனக்கு எங்கள் தறிச்சத்தமே மறந்துபோனது. முதலில் கைதட்டியது அந்தப் பெரியம்மாதான் என்று அண்ணி இன்றைக்கும் சாதிக்கிறாள். ஒன்ஸ்மோர் கேட்டார்கள். பாட்டே இல்லாத ஒன்றுக்கு ஒன்ஸ்மோர். மறுபடி வாசித்தேன், மறுபடி அறைந்தேன்.

ஓனர் கீபோர்டுக்காரனிடம் போய், அந்தச் சத்தம் இதில் எந்தப் பட்டன், காட்டு என்றார். அவன் அழுத்தினான், அழுத்தினான், அழுத்திக்கொண்டே இருந்தான். இடைவேளை முடியும்வரை வயலினும் புல்லாங்குழலும் மணியும் மாறி மாறி வந்தன. தண்ணீர் வரவில்லை. ஓனர் என்னிடம் வந்து, தெலுங்கில் பாதி தமிழில் பாதியாக, "ரேப்பட்டிலேர்ந்து பிராக்டிசுக்கு வந்துடும்மா" என்றார். நாளையிலிருந்து வா என்று அர்த்தம். எனக்குச் சந்தோஷத்தில் சிரிப்பு அடங்கவில்லை. கீபோர்டுக்காரனைப் பார்த்தும் சிரித்தேன். அவன் என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை வட்டியோடு திருப்பிக் கொடுத்தாயிற்று.

மறுநாள் காலை சமையலறையில் அண்ணி கையை ஆட்டி ஆட்டி, தூளியை அறைந்தது வரைக்கும், நைனாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் தறிப்பக்கம் போனார். எனக்கு முகம் தொங்கிவிட்டது. ஊரே கத்தியது, இவருக்கு ஒரு வார்த்தை வரவில்லையே என்று பொருமிக்கொண்டு பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதல் தறி நின்றது. நூல் அறுந்திருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது நின்றது. மூன்றாவது நின்றது. நான்காவதும் நின்றதும் வீடு திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருந்தது. சுவர்க் கடிகாரம் ஓடுவது கேட்டது. யாரோ செத்துப்போனார்கள் என்று நினைத்து அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். அண்ணன் பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தான். தலைக்கு மேலே பல்பு எரிந்துகொண்டிருந்தது.

நைனா வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். அந்த வீட்டில் அவர் குரலை முதல்முறையாக, கரண்ட் இருக்கும்போது, உதட்டைப் பார்க்காமல் கேட்டேன்.

"கரண்ட் கீது. வாசிம்மா."

ஸ்பிரிங் தகரத்தைப் பெட்டிக்குள் அதன் இடத்திலேயே வைத்து மாட்டினேன். அன்றைக்குத் தூளி தேவைப்படவில்லை.